லிங்க் அனுப்பினா கேஸ் வருமா?

புதுப்படம் ரிலீஸான அன்னிக்கே வாட்ஸ்அப் குரூப்ல ஒரு லிங்க் வந்து விழும். ‘படத்தை நான் திருடலையே... லிங்க்தானே அனுப்பினேன்’னு சொல்லித் தப்பிச்சிட முடியுமா?

ஐரோப்பிய நீதிமன்றம் இதற்கு இரண்டு பதில்கள் சொல்லியிருக்கிறது. எல்லோரும் இலவசமாகப் படிக்க, உரிமையாளரே வெளியிட்ட கட்டுரைக்கு லிங்க் கொடுப்பது தப்பில்லை. இது 2014, ஸ்வென்சன் வழக்கு. 2016-ல் ஜி.எஸ். மீடியா வழக்கில் கதை மாறியது. ‘பிளேபாய்’ படங்கள் அனுமதியில்லாமல் ஓர் ஆஸ்திரேலிய தளத்தில் ஏறின. ஒரு டச்சுத் தளம் அதற்கு லிங்க் கொடுத்தது. நீக்கச் சொல்லியும் கேட்கவில்லை. திருட்டுச் சரக்குன்னு தெரிஞ்சே லிங்க் கொடுத்தா அதுவும் காப்புரிமை மீறல்தான் என்றது நீதிமன்றம்.

சரி, நம்ம ஊர்ல? இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 63-வது பிரிவு, தெரிந்தே மீறுபவரோடு உடந்தையாக இருப்பவரையும் சேர்த்தே பிடிக்கிறது. 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். காசுக்காகச் செய்யவில்லை என்றால் தண்டனை குறையலாம். ஆனா, குற்றம் குற்றமே!

லிங்க் பிரச்னை இல்லை பாஸ், அது எங்கே கூட்டிட்டுப் போகுதுங்கிறதுதான் பிரச்னை. ஃபார்வர்டு பண்றதுக்கு முன்னாடி அதைப் பாருங்க.