என் மகளிடம் ஏழெட்டு கேட்காதீர்கள்

மகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். இது தெரிந்ததிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் பரீட்சை அதிகாரிகள் ஆகிவிட்டார்கள். செருப்பைக் கழற்றி, ஒரு வாய் தண்ணீர் குடித்த கையோடு, "பாப்பா, இங்க வா. ஏழெட்டு எவ்வளவு சொல்லு?" என்ன கதை படிக்கிறாய், என்ன வரைந்தாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. அவள் என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். காலையில் ஐம்பத்தாறு என்று பளிச்சென்று சொன்னவள்தான். பத்துப் பேர் முன்னால் வாய் வரவில்லை. உடனே, "ஸ்கூலுக்குப் போயிருந்தா இந்நேரம்..." என்று ஓர் இழுவை. அவர்கள் காபி குடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அன்று இரவு "எனக்குக் கணக்கு வராதாம்மா?" என்று கேட்பவளைத் தேற்றுவது யார்?

போன மாதம் கழித்தலில் இறங்கினோம். 503-இலிருந்து 278. மூன்றிலிருந்து எட்டு போகாது, பக்கத்தில் கடன் வாங்கு என்றேன். பக்கத்தில் பூஜ்யம். "அவங்ககிட்டயே ஒண்ணும் இல்லையேம்மா" என்றாள். அதற்கும் அடுத்த வீட்டில் வாங்கலாம் என்றேன். "வாங்கினா எப்பத் திருப்பித் தரணும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பிரம்புக்குப் பயந்து ஐந்தை அடித்து நாலு போட்டு, பூஜ்யத்தின் தலையில் ஒன்பது போடக் கற்றவள் நான். ஏன் ஒன்பது என்று யாரையும் கேட்டதில்லை.

பர்ஸைக் கொட்டினேன். ஐந்து நூறு ரூபாய்த் தாள், மூன்று ஒரு ரூபாய்க் காசு. இதில் 278 ரூபாய் எனக்குக் கொடு என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். ஒரு நூறை நீட்டி, "சில்லறை குடு" என்றாள். பத்துப் பத்து ரூபாய்த் தாள் கொடுத்தேன். அதில் ஒன்றை நீட்டி மறுபடி சில்லறை கேட்டாள். இப்போது அவள் கையில் நாலு நூறு, ஒன்பது பத்து, பதின்மூன்று காசு. எனக்கு எண்ணிக் கொடுத்தது போக மிச்சம் 225. "இது கடன் இல்லம்மா, சில்லறை மாத்துறது!" என்று கத்தினாள். அந்த ஒன்பது எங்கிருந்து வருகிறது என்பதை நானும் அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். இந்த ஒரு கணக்குக்கு எங்களுக்கு ஒரு வாரம் ஆயிற்று. அந்த வாரத்தை வீண் என்று சொல்கிறவர்களிடம்தான் எனக்குக் கோபம்.

"அந்தக் காலத்தில் எல்லாம் மனப்பாடம்தானே?" என்கிறார் ஒரு பெரியவர். உண்மைதான். திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை ஒப்பித்தார்கள். ஆனால் அரைக்கால், மாகாணி என்ற பின்னங்கள் எல்லாம் அவர்களுக்கு வெறும் சொல்லா? படியும் மரக்காலும் கண்முன்னே புழங்கிய காலம் அது. வாய்ப்பாடு வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. தினம் சொல்கிறாள், ஊஞ்சலில் ஆடிக்கொண்டே.

பத்தாம் வகுப்புக்கு என்ன செய்வீர்கள் என்பது அடுத்த கேள்வி. தேசியத் திறந்தநிலைப் பள்ளி 1989-இலிருந்து இருக்கிறது. 14 வயது முடிந்தால் அதில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். இவளுக்கு இப்போது எட்டு.

வீட்டுக்கு வாருங்கள், சாப்பிட்டுப் போங்கள். கணக்குதான் பேச வேண்டும் என்றால், சில்லறை மாற்றுவது எப்படி என்று அவளைக் கேளுங்கள். உங்களை உட்கார வைத்துச் சொல்லித் தருவாள்.