புகைய விட்டா பிட்மாஸ்டரா?

போன சனிக்கிழமை சாப்பிட வந்த நண்பர் ஒருத்தர், நான் 12 மணி நேரம் கண்ணு முழிச்சு வேக வச்ச பிரிஸ்கட்ல நாலு துண்டை உள்ள தள்ளிட்டு, "நல்லாத்தான் இருக்கு பாஸ், ஆனா புகை மணம் பத்தலையே. அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் புகைய விடுங்க"ன்னார். வீட்டுக்கு வந்த விருந்தாளி, அங்க ஒண்ணும் சொல்ல முடியல. அதான் இங்க வந்து கொட்டுறேன். பொறுமை இல்லாதவங்க நேரா பின்னூட்டத்துக்குப் போய் கும்மியடிக்கலாம், கோவிச்சுக்க மாட்டேன்.

முதல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

நான் இருக்கிறது ஹூஸ்டன் பக்கம். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நாலு தெரு தள்ளி ஒரு பெரியவர் வீட்டைக் காலி பண்ணிட்டு மகள் வீட்டுக்குக் கிளம்பினார். வாசல்ல ஒரு ஆஃப்செட் ஸ்மோக்கர், மேல 75 டாலர்னு ஒரு அட்டை. தெரியாதவங்களுக்காக: படுக்க வச்ச ஒரு பெரிய இரும்புப் பீப்பாய், அதுக்குள்ள கறி. ஒரு பக்கத்துல கொஞ்சம் தாழ்வா ஒரு சின்னப் பெட்டி, அதுல விறகு. மறுமுனையில புகைக்குழாய். நெருப்பு ஒரு அறை, கறி அடுத்த அறை. சூடான காத்து கறியைத் தடவிக்கிட்டே குழாய் வழியா வெளிய போகும். அவ்வளவுதான் மேட்டர்.

பெரியவர் சாம்பலை அள்ளாமலே பல வருஷம் விட்டிருக்கார். சாம்பல் ஈரத்தை இழுத்து வச்சுக்கும், இரும்பை அரிச்சுடும். விறகுப் பெட்டியோட அடித்தகட்டுல எட்டணா அகலத்துக்கு ஓட்டை. கால் இஞ்ச் தகடு ஒண்ணு வெட்டி வெல்டிங் வச்சேன். ஆங்கிள் கிரைண்டர்ல கம்பி பிரஷ் மாட்டி துருவைச் சுரண்டினேன் (கண்ணாடி, முகமூடி கட்டாயம் மக்கா). சூடு தாங்குற பெயின்ட் வெளியில மட்டும்தான். உள்பக்கம் பெயின்டே கூடாது. சமையல் எண்ணெயை மெல்லிசா தடவி மூணு மணி நேரம் நெருப்பு போடணும், புது தோசைக்கல்லைப் பழக்குற மாதிரி. மூடி விளிம்புல சூடு ஒழுகாம இருக்க கயித்து கேஸ்கெட். மூடியில இருந்த தெர்மாமீட்டரை கொதிக்கிற தண்ணியில முக்கினா 180 காட்டுது! 212 காட்டணும். சரியா இருந்தாலும் அது மூடிக்கிட்ட இருக்கிற சூட்டைத்தான் காட்டும், கறி இருக்கிற இடத்தை இல்ல. கம்பித்தட்டு உயரத்துக்குத் தனியா ஒண்ணு வாங்கினேன்.

மூணு வார இறுதி காலி. தங்கமணி "காயலான் கடையை வீட்டுக்கே கொண்டாந்தாச்சு"ன்னு சொன்னதைக் காதுல வாங்கல. நமக்குத்தான் பெருமை தாங்கலையே. உடனே 16 பேரை விருந்துக்குக் கூப்பிட்டேன்.

கடையில வாங்கின தடித்தடி விறகை அப்படியே பெட்டி நிறையத் திணிச்சேன். சூடு ஏறிடுச்சேன்னு டாம்பரை அடைச்சேன். தெருவே மறையுற அளவுக்கு வெள்ளைப் புகை. சூடு என்னவோ கச்சிதமா 250 டிகிரி ஃபாரன்ஹீட். ஆகா, நாமளும் டெக்சஸ்காரன் ஆயிட்டோம்னு பக்கத்துல நின்னு செல்ஃபி வேற.

கோழி வெளிய வந்தப்போ தார் பூசின மாதிரி பளபளன்னு இருந்தது. வாயில வச்சா கசப்பு, நாக்கு மரத்துப் போகுது. பெரியவங்க மரியாதைக்கு மென்னாங்க. நண்பரோட ஆறு வயசுப் பொண்ணு மட்டும், "அங்கிள், இது ஏன் டயர் மாதிரி இருக்கு?"ன்னு கேட்டுட்டுத் துப்பிடுச்சு. பீட்சா சொன்னோம்.

பழி யார் மேல? பெட்டி மேலதான். "பழசு, தகடு மெல்லிசு, இதுல வேலைக்காகாது"ன்னு முடிவு பண்ணி, பெல்லட் போட்டா தானே சூட்டைப் பார்த்துக்கிற மெஷினுக்கு 900 டாலர் எடுத்து வைக்கத் தயாராயிட்டேன். அந்த ஞாயித்துக்கிழமை ஊருக்குப் பேசும்போது அம்மாகிட்ட சும்மா சொன்னேன்.

"ஏல, புகையுதுன்னா வெறகு எரியலன்னுல்லா அர்த்தம்? காஞ்ச வெறகான்னு தட்டிப் பாத்தியா? காத்துக்கு வழி விட்டியா? அடுப்பு நெறைய திணிச்சிருப்ப. நெருப்புக்கு மூச்சு முட்டாதா?"

நான் மூணு வாரமா வீடியோ பார்த்தும் பிடிபடாததை, திருநெல்வேலியில இருந்துக்கிட்டு நாலு கேள்வியில முடிச்சுட்டா.

அவ சொன்னதேதான் அறிவியலும். வெள்ளையா, அடர்த்தியா வர்றது சரியா எரியாத விறகு. அதுல இருக்கிற தார்ப்பசை கறி மேல படியும், அதான் கசப்பு. நல்லா கொழுந்து விட்டு எரியுற நெருப்புல இருந்து வர்றது கண்ணுக்குத் தெரிஞ்சும் தெரியாத மெல்லிய நீலம். மணம் அதுலதான் இருக்கு.

இப்ப நான் செய்யுறது இதுதான். முதல்ல கங்கு சேர்த்துக்கணும். அப்புறம் மணிக்கட்டு கனத்துக்குப் பிளந்த, ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழ இருக்கிற ஓக் விறகு, முப்பது நாப்பது நிமிஷத்துக்கு ஒண்ணு. விறகைப் பெட்டி மேலயே வச்சு சூடாக்கிட்டுப் போட்டா உடனே பத்திக்கும். புகைக்குழாய் முழுசா திறந்தே இருக்கணும். சூடு கூடினா காத்தை அடைக்கக் கூடாது, அடுத்த விறகைச் சின்னதாப் போடணும். 250ல இருந்து 275 வரைக்கும் ஆடினா ஆடட்டும். பிரிஸ்கட் உள்சூடு 150, 160 பக்கம் வந்து மணிக்கணக்கா நகராது. அது கறி வேர்க்கிறது. அந்த ஈரம் ஆவியாகுறதால வர்ற குளிர்ச்சி. பயந்து விறகைத் திணிச்சீங்கன்னா மறுபடியும் டயர்தான். மரத்தூளையும் சில்லையும் தண்ணியில ஊறப்போடச் சொல்றவங்க வேற இருக்காங்க. அய்யா, நெருப்புக்கு எதுக்கு ஈரத்துணி?

நம்பாதவங்க லாக்ஹார்ட் போய்ப் பாருங்க. டெக்சஸ் கீழவை 1999லயே பார்பிக்யூ தலைநகரம்னு பட்டம் கொடுத்த ஊரு. ஸ்மிட்டீஸ்ல பழைய செங்கல் அடுப்போட வாய்ல தரை மேலயே நெருப்பு எரியும், வரிசையில நிக்கிறவங்க காலடியில. அது புகைஞ்சுக்கிட்டு இருக்கிற நெருப்பு இல்ல, எரியுற நெருப்பு.

"புகை வேணாம்னா ஓவன்லயே வைக்க வேண்டியதுதானே"ன்னு ஒருத்தர் வருவார். புகை வேணாம்னு சொல்லல சாமி, கெட்ட புகை வேணாங்கிறேன். "உள்ள சிவப்பு வளையம் வந்துச்சே"ன்னு இன்னொருத்தர் வருவார். அது நெருப்புல வர்ற வாயு கறியோட நிறமியில ஒட்டுறது. நிறம்தான், ருசி இல்ல. பெல்லட் மெஷினையும் நான் குறை சொல்லல. ஆணி அதிகமா இருக்கிறவங்க தாராளமா வாங்குங்க. ஆனா நெருப்பு போடத் தெரியாததுக்குப் பழைய பெட்டியைத் திட்டிட்டுக் குப்பையில போடாதீங்க.

என் உண்மையான கடுப்பு வேற இடத்துல.

நெருப்பைப் பார்த்துப் பார்த்து விறகைத் தள்ளி இழுக்கிறவனுக்கு இங்க பேரு பிட்மாஸ்டர். ஏப்ரன், பட்டம், டிவி, போட்டி, பரிசு. அதே வேலையை எங்கம்மா நாப்பது வருஷம் தினம் மூணு வேளை செஞ்சா. ஊதாங்குழலை எப்ப எடுக்கணும், எந்த விறகு சோத்துக்கு, எந்தச் சுள்ளி ரசத்துக்கு, எப்ப கட்டையை வெளிய இழுத்துக் கங்குல விடணும்னு எல்லாம் தெரியும். நம்ம ஊரு அதுக்குக் கொடுத்த பட்டம் "அடுப்பூதுற பொம்பளைக்குப் படிப்பெதுக்கு". வீட்டு ஆம்பளைங்க ஒருத்தரும் அந்த அடுப்புப் பக்கம் உக்காந்ததில்ல, என்னையும் சேர்த்து. அதனாலதான் கையில பீரோட நின்னுக்கிட்டு வெள்ளைப் புகையைப் பார்த்து ஆகான்னேன்.

அவ்வளவு தெரிஞ்சவளுக்கும் ஐப்பசி மழையில ஈர விறகுதான் கிடைச்சது, அடுக்களையில புகைக்குழாயும் கிடையாது. சிகரெட்டைத் தொடாதவ இன்னிக்கு இன்ஹேலர் இல்லாம மாடி ஏற மாட்டா. வீட்டுக்குள்ள அடுப்புப் புகையால 2020ல மட்டும் உலகத்துல 32 லட்சம் பேர் செத்திருப்பாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்லுது. "விறகடுப்புச் சமையல் மாதிரி வருமா"ன்னு பதிவு போடுற ஆம்பளை மக்கா, அந்த அடுப்பு முன்னாடி ஒரு வேளையாவது உக்காந்து ஊதியிருக்கீங்களா? ஊதியிருந்தா எழுதுங்க, வந்து படிக்கிறேன்.

அதனால நண்பருக்கு: புகை பத்தலைன்னு நீங்க சொன்னதை நான் பாராட்டாவே எடுத்துக்கிறேன். அடுத்த தடவையும் பத்தாது.

டிஸ்கி 1: மாட்டுக்கறி வேணாங்கிறவங்க ஆட்டுத்தொடையோ கோழியோ வைங்க. நெருப்பு அதே நெருப்புதான்.

டிஸ்கி 2: பிரிஸ்கட் போட்டோவை அம்மாவுக்கு அனுப்பினேன். கறியைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. "குழாய்ல புகையே காணுமே, இப்பதாம்ல சரியா எரியுது"ன்னா.