‘வலிமை’ யாருக்கு?

மரக்காணத்துக்கு ஒரு தோழர் வீட்டுக் காரியமாகப் போயிருந்த நமக்கு, எதிர்பாராத விதமாய் ஒரு சினிமாவைப் பார்க்கும்படி நேரிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை. கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்து டீக்கடை. அங்கிருந்த தொலைக்காட்சியில் ‘வலிமை’ ஓடிக்கொண்டிருந்தது. 2022 பிப்ரவரி 24ஆம் தேதி வெளிவந்த படம். நாம் சினிமாப் பைத்தியம் அல்ல. ஆனாலும் கடைக்கு உள்ளே திரையில் பைக்குகள் பறக்க, வெளியே சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகிற பைக்குகளும் அதே சத்தத்தோடு பறக்க, எது படம், எது சாலை என்று பிரித்தறியக் கூடாமல் உட்கார்ந்திருந்தபடியால், இதைப்பற்றி நாலு வார்த்தை எழுதுவது அவசியமென்று தோன்றிற்று.

குறை சொல்லுமுன் அதன் யோக்கியதையைச் சொல்லிவிடுவதே நியாயம். பைக் ஓட்டும் காட்சிகளில் இந்தப் படத்தை மிஞ்சத் தமிழில் வேறு படம் கிடையாது என்றே சொல்லலாம். கதாநாயகராக வரும் அஜித்குமார் தாமே வண்டி ஓட்டியிருக்கிறார்; விழுந்தும் இருக்கிறார்; அவர் விழுந்து எழுந்ததைப் படத்தார் மறைக்காமல் பிறகு வெளியிட்டும் காட்டினார்கள். நெடுஞ்சாலையில் ஒரு பஸ்சைச் சுற்றிப் பைக் கூட்டம் மொய்க்கும் காட்சியில் டீக்கடையில் ஒருவரும் டீ குடிக்கவில்லை, நாமும்தான். கதாநாயகருக்கும் கூட வேலை செய்யும் பெண் அதிகாரிக்கும் காதலும் டூயட்டும் வைக்காமல் விட்டது இன்னொரு நல்ல காரியம். எல்லாவற்றிலும் மேலாக, சங்கிலி பறிக்கும் பையன்களைப் பிறவித் திருடர்களாகக் காட்டாமல், படித்துவிட்டு வேலையின்றித் திரிபவர்கள் என்றும், அவர்களை எவனோ கூலிக்குப் பிடிக்கிறான் என்றும் சொன்னதே, பிறப்பினால் குற்றவாளி என்று ஜாதிகளையே பட்டியல் போட்ட தேசத்தில், சாமான்யமான சங்கதியல்ல.

நிற்க. இனி மறுபக்கம். படம் ஏறக்குறைய மூன்று மணி நேரம். அதில் பைக் ஓடாத நேரமெல்லாம் அம்மா அழுகிறார், அண்ணன் உபதேசிக்கிறார், தம்பி முறைக்கிறான், மறுபடியும் அம்மா அழுகிறார். வேலையில்லாத் திண்டாட்டம் என்ற பெரிய கேள்வியை எடுத்துவிட்டு, அதற்கு விடையாக, “தாயை நினைத்துப் பார், ஒழுங்காய் இரு” என்ற மாதிரி ஒரு பிரசங்கத்தைக் கொடுத்தால், பசித்தவனுக்கு இலை போட்டுவிட்டுப் புராணம் படித்த கதையாகாதா? பெண் அதிகாரியை அறிமுகம் செய்து வைத்தவர்கள், கடைசியில் அவருக்கு இருக்க ஓர் இடம் மாத்திரமே கொடுத்தார்கள், வேலை கொடுக்கவில்லை.

இதை எடுத்தவர் யார் என்று பார்த்தால்தான் நமக்கு வருத்தம் அதிகமாகிறது. எச். வினோத் என்பவர் 2014இல் ‘சதுரங்க வேட்டை’ என்றொரு படம் எடுத்தார். மண்ணுளிப் பாம்பில் பணம், கோயில் கலசத்தில் இரிடியம் என்று மக்களின் பேராசையும் மூடநம்பிக்கையும் எப்படிக் காசாக்கப்படுகின்றன என்பதை நம் கூட்டங்களில் நாம் பத்து வருஷம் பேசியும் சொல்ல முடியாத தெளிவோடு சொன்ன படம் அது. 2019இல் இதே அஜித்குமாரை வைத்து ‘நேர்கொண்ட பார்வை’ எடுத்தார். இந்திப் படத்தின் மறுபதிப்புதான் என்றாலும், ஒரு பெண் ‘வேண்டாம்’ என்றால் அதற்கு ‘வேண்டாம்’ என்றுதான் அர்த்தம் என்பதைத் தமிழ்நாட்டுக் கொட்டகைகளில் ஆண்கள் கைதட்டும்படி செய்தது. அப்படிப்பட்டவர், அடுத்த படத்தில் கதாநாயகரைக் கோயில் திருவிழாக் கூட்டத்தோடு கொண்டுவந்து நிறுத்துகிறார். வந்தால் என்ன என்பீர்கள். வரட்டும். ஆனால் ரசிகன் கும்பிடுவது அங்கே எந்தச் சாமியை என்பதுதான் நம் கேள்வி.

இந்த ரகப் படங்களுக்கு மூலம் அமெரிக்காவிலே இருக்கிறது. 2001இல் தெருப் பந்தயக்காரர்களைப் பற்றி அங்கே ஒரு படம் வந்து வெற்றி பெற்றது. 2003இல் அதன் இரண்டாம் பாகம், ‘2 பாஸ்ட் 2 பியூரியஸ்’ வந்தது. அதை எடுத்தவர் ஜான் சிங்கிள்டன். அவர் 1991இல் தாம் வளர்ந்த கறுப்பர் தெருக்களின் துயரத்தைப் படமாக்கி, ஆஸ்கர் பரிசில் இயக்குநருக்கான பட்டியலில் இடம்பெற்ற முதல் கறுப்பர் என்று பேர் வாங்கியவர். இரண்டாம் பாகத்தில் தொடக்கப் பந்தயம் ஜோர். நண்பர்கள் இருவரின் கேலிப் பேச்சும் ரசமாகவே இருக்கிறது. கதை என்று தேடினால் கையில் அகப்படாது. கடைசியில் காரே பாய்ந்து படகின் மேல் விழுகிறது. உள்ளே இருந்தவருக்குக் கை மட்டும் நோகிறது! தெருவைத் தெரிந்தவர்களையே கூப்பிட்டுத் தெருவை மறக்கச் சொல்வது சினிமா முதலாளிகளின் வழக்கம் போலும்.

அந்தப் படத்தின் கதாநாயகர் பால் வாக்கர் 2013 நவம்பர் 30ஆம் தேதி, நண்பர் ஓட்டிய காரில் பக்கத்தில் உட்கார்ந்து போகையில், கார் மோதி இறந்துபோனார். அளவுக்கு மிஞ்சிய வேகமே காரணம் என்று விசாரணை செய்தவர்கள் முடிவு கூறினார்கள். நிஜக் காரில் பின்னணி இசையும் கிடையாது, இரண்டாம் பாகமும் கிடையாது.

மறுபடியும் டீக்கடைக்கு வருவோம். நமக்குப் பக்கத்தில் இருபது வயதுப் பையன் ஒருவன் இருந்தான். “தம்பி, இதில் பைக் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் திருடர்கள் ஆயிற்றே, அவர்களைப் பார்த்தா கைதட்டுகிறாய்?” என்று கேட்டோம். “அட போங்கண்ணே, திருடனா இருந்தா இன்னா, வண்டியைப் பாருங்க” என்றான். அவன் சொன்னதுதான் விமர்சனம். வாயால் ‘இது குற்றம்’ என்கிற படம், காமிராவால் ‘இது எவ்வளவு அழகு’ என்கிறது. திருடன் தூக்கினாலும் முன் சக்கரம் அழகு, போலீஸ்காரர் தூக்கினாலும் அழகு. வாய் சொல்வதைக் காது மறந்துவிடும். கண் கண்டதைக் கை மறப்பதில்லை.

பையனுக்குத் தெரியாத கணக்கை அவனுக்கு ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டினோம். மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தால், நல்ல சாலையில் வண்டி நிற்க ஏறக்குறைய 20 மீட்டர் வேண்டும். 120இல் போனால் 40 அல்ல, 80 மீட்டர். வேகம் இரட்டித்தால் தூரம் நான்கு மடங்கு. அதற்கு முன், கண் பார்த்துக் கை பிரேக்குக்குப் போகிற ஒரு விநாடியில் வண்டி 33 மீட்டர் போய்விடும். இது எந்தச் சாமிக்கும், எந்த நடிகருக்கும் மாறாத கணக்கு.

இந்தக் கணக்கு மரக்காணத்தில் யார் மேல் விழுகிறது என்றால், விடியுமுன் உப்பளத்துக்குப் போகிறவர்கள் மேல். வெயில் ஏறுமுன் பாத்தியில் உப்பு வாரி முடிக்க வேண்டுமாதலால், ஆணும் பெண்ணும் இருட்டிலேயே சாலையைக் கடக்கிறார்கள். தோழர் வீட்டுக்குப் பக்கத்திலேயே அப்படிப்பட்ட ஒரு அம்மாள், வயது அறுபதுக்கு மேல், சென்ற ஆண்டு ஒரு பைக் மோதிக் கால் முறிந்து கிடக்கிறார். மோதினவன் நிற்கவில்லை.

“கேஸ் கொடுத்தீர்களா, பெரியம்மா?” என்றோம்.

“கேஸ் இன்னா கேஸு தம்பி, என் தலையெழுத்து” என்றார்.

நமக்குக் கோபம் வந்தது. அந்த அம்மாள் மேலல்ல. மோதிவிட்டு ஓடிய வண்டியால் படுகாயம் அடைந்தவருக்கு 50,000 ரூபாயும், இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும் கொடுக்க மத்திய சர்க்கார் 2022 ஏப்ரல் முதல் ஒரு திட்டம் வைத்திருக்கிறது. அதைச் சொல்ல அந்தத் தெருவில் ஆளில்லை; தலையெழுத்தைச் சொல்ல ஊரே இருக்கிறது. எழுதினவன் இந்த அம்மாள் காலில் எழுதினான், ஓட்டினவன் காலில் ஏன் எழுதவில்லை என்று கேட்டால் மட்டும் நாம் நாஸ்திகர்களாகிவிடுகிறோம்.

அஜித்குமாரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2011இல் தம் ரசிகர் மன்றங்களைக் கலைத்தார். 2021இல் தம்மைப் பட்டப்பெயரால் அழைக்க வேண்டாமென்றார். ‘கடவுளே அஜித்தே’ என்று கூட்டங்களில் கத்த ஆரம்பித்தபோது, 2024 டிசம்பரில், அதையும் நிறுத்தும்படி கேட்டுக்கொண்டார். தம்மைக் கடவுளாக்காதே என்று சொல்கிற ஆசாமி இந்நாட்டில் அபூர்வம். அவர் 2025 ஜனவரியில் துபாயில் 24 மணி நேரக் கார்ப் பந்தயத்துக்குப் போனார். பயிற்சியின்போது கார் மோதிச் சுழன்று நின்றது. இறங்கி நடந்து வந்தார். காப்பாற்றியது சக்கரத்தின் கீழ் வைத்த எலுமிச்சம்பழமா? காருக்குள் இருந்த இரும்புக் கூடும், தலைக்கவசமும், வார்ப்பட்டையும். அங்கே எதிரில் உப்புக் கூடையோடு ஒருவரும் வரமாட்டார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. வேகம் வேண்டுமானால் அதற்கென்று சாலை உண்டு. அது இந்தச் சாலையல்ல.

இவையெல்லாம் பேசி முடிப்பதற்குள் படமும் முடிந்துவிட்டது. அன்று மாலை தோழர் வீட்டுத் திண்ணையில் இரண்டு மனு எழுதினோம். ஒன்று அந்த அம்மாளின் நஷ்ட ஈட்டுக்கு. மற்றொன்று, உப்பளத்துக்குத் திரும்பும் இடத்தில் ஒரு விளக்கும் வேகத்தடுப்பும் கேட்டு. இரண்டாவதில் டீக்கடைப் பையனும் கையெழுத்துப் போட்டான். போட்டுவிட்டு, “அண்ணே, அந்த 80 மீட்டர் மழையில இன்னும் கூடுமா?” என்று கேட்டான்.

கூடும் என்றோம்.