நல்லதங்காளைக் கொன்றது யார்?

தலைப்பைப் பார்த்ததும் "இது ஒரு கேள்வியா? மூளி அலங்காரிதான்!" என்று சொல்லியிருப்பீர்கள். அங்கேதான் எனக்குச் சண்டை.

வெளியூரில் பிள்ளை வளர்க்கிற நமக்கெல்லாம் ஒரு பதற்றம் உண்டு. பள்ளிக்கூடத்தில் மலையாளமும் இங்கிலீஷும், வீட்டில் செல்போன். பிள்ளைகள் நம்ம ஊரை மறந்துவிடுமோ என்று பயந்து, ஞாயிற்றுக்கிழமை உட்கார வைத்து "நம்ம பண்பாடு" என்று கதை சொல்கிறோம். நல்ல விஷயம், நானும் சொல்கிறவன்தான். ஆனால் கதை முடிந்ததும் வாலில் ஒரு "நீதி" கட்டுகிறோமே, அதுதான் வம்பு.

கதை எல்லோருக்கும் தெரியும். பஞ்சம். ஏழு பிள்ளைகளோடு நல்லதங்காள் பிறந்த வீட்டுக்கு வருகிறாள். அண்ணன் நல்லதம்பி வேட்டைக்குப் போயிருக்கிறான். அண்ணி மூளி அலங்காரி சோற்றை ஒளித்துவைத்துவிட்டு, அடுப்பெரிக்கப் பச்சை வாழைமட்டையைக் கொடுக்கிறாள். மானம் பொறுக்காமல் பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் குதிக்கிறாள். வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயிலே இருக்கிறது.

இதற்கு நாம் சொல்கிற நீதி என்ன? "பொம்பளைக்குப் பொம்பளைதான் எதிரி." "பொண்ணுன்னா பொறுத்துப் போகணும்." அவ்வளவுதான். அண்ணன் நல்லவன், வேட்டைக்குப் போனதுதான் குற்றம் :-)

நான் கேட்பது ஒன்றே ஒன்று. அப்பா கட்டிய வீட்டுக்குள் நுழைய மகள் ஏன் அண்ணியின் தயவுக்கு நிற்க வேண்டும்?

இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியது மட்டாஞ்சேரிக்கு வந்த பிறகுதான். இங்கே அரண்மனை இருக்கிறது. போர்த்துக்கீசியர்கள் கட்டி 1555ல் கொச்சி ராஜாவுக்குக் கொடுத்தது. 1663ல் டச்சுக்காரர்கள் பழுது பார்த்ததால் "டச்சு அரண்மனை" என்று பெயர். ஊரிலிருந்து யார் வந்தாலும் சுவர் ஓவியத்தைக் காட்டக் கூட்டிப்போகிறோம். அந்த ராஜ குடும்பத்தின் வழக்கம் மருமக்கத்தாயம். ராஜாவின் மகனுக்குப் பட்டம் கிடையாது; வாரிசு பெண்வழியில் வரும். ராஜாவின் மனைவி ராணியும் இல்லை, அவர் நேத்தியாரம்மா. நாயர் தரவாடுகளிலும் பெண்வழிதான். அங்கே பிறந்த பெண்ணுக்குப் பிறந்த வீடுதான் வீடு.

நல்லதங்காள் அப்படி ஒரு தரவாட்டில் பிறந்திருந்தால்? சோற்றுக்காக யார் வாசலிலும் நின்றிருக்க மாட்டாள். மூளி அலங்காரிக்கு அந்த வீட்டில் கதவைச் சாத்த அதிகாரமே இருந்திருக்காது.

உடனே "கேரளம் சொர்க்கமாக்கும்" என்று கிளம்பாதீர்கள். தரவாட்டுச் சாவி காரணவர் கையில்தான் இருந்தது, அவரும் ஆண்தான். சிரியன் கிறிஸ்தவப் பெண்களுக்கு அப்பா சொத்தில் நியாயமான பங்கு வேண்டும் என்று மேரி ராய் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது, 1986ல்தான் ஜெயித்தார். மருமக்கத்தாயத்தைத் திரும்பக் கொண்டுவா என்றும் நான் சொல்லவில்லை. நான் சொல்வது இதுதான்: சொத்து முறை மாறினால் வில்லியே காணாமல் போகிறாள். அப்படியென்றால் அவள் கெட்டது குணத்தாலா, அமைப்பாலா?

இன்னொன்றையும் யோசியுங்கள். மூளி அலங்காரிக்கும் அந்த வீட்டில் சொந்தமாக ஒரு செங்கல் கிடையாது. நாளைக்கு அவளுக்குப் பஞ்சம் வந்தால் அவளும் தன் அண்ணன் வாசலில்தான் நிற்க வேண்டும். அங்கே அவள்தான் நல்லதங்காள்!

மகளுக்குப் பங்கு கொடுக்காத சமூகம், அதற்குப் பதிலாகச் சீர் கொடுத்தது. தாய்மாமன் சீர், பொங்கல் சீர். "பாசமலர்" (1961) பார்த்து மூக்கைச் சிந்தினோம். பாசம் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் பாசம் அண்ணன் மனசைப் பொறுத்தது, உரிமை அப்படியில்லை.

"பாட்டி சொன்ன கதையில் எதற்கய்யா சட்டம்?" என்று கேட்பீர்கள். பாட்டிகள் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி அழுதது எதற்காக? கற்புக்காகவா? பிறந்த வீட்டு வாசலில் அந்நியமாய் நின்ற வலி அவர்களுக்குத் தெரியும். வலியைக் கழற்றிவிட்டு நீதியை மட்டும் மாட்டியது நாம்தான்.

சட்டம் அதற்குள் எவ்வளவோ தூரம் போய்விட்டது. 1989ல் தமிழ்நாடு, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை கொடுத்தது; அதற்கு முன் கல்யாணமானவர்களுக்கு மட்டும் இல்லை. 2005ல் மத்திய அரசின் திருத்தம் அந்தத் தடையையும் எடுத்தது. 2005ல் அப்பா உயிரோடு இல்லாவிட்டாலும் மகளுக்கு உரிமை உண்டு, அது பிறப்பால் வருவது என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நாம் என்ன செய்கிறோம்? லீவுக்கு ஊருக்குப் போகிறோம். அக்கா தங்கைகளுக்குப் பட்டுப்புடவை, விருந்து. மறுநாள் சார்பதிவாளர் ஆபீஸ், விடுதலைப் பத்திரம். "அண்ணன்கிட்ட கணக்குப் பாக்கலாமா" என்று பெரியவர்கள் சொல்ல, அவர்களும் கையெழுத்துப் போடுகிறார்கள். படித்த பெண்கள், வேலைக்குப் போகிற பெண்கள், அவர்களும்தான். ஏன்? சின்ன வயசில் கேட்ட நீதி அப்படி. கேட்டால் கெட்டவள், பொறுத்தால் நல்லவள்.

கதையைச் சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள். அந்த நீதியை மட்டும் விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாகப் பிள்ளைகளிடம் "அது யார் வீடு?" என்று கேளுங்கள். பெண்ணிடம் மட்டுமில்லை, பையனிடமும். அப்புறம் அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது, அந்தப் பத்திரத்தை நீட்டுவதற்கு முன்னால் அதே கேள்வியை நீங்களும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.