மஞ்சள் விளக்கு எரிகிறது, கவனிப்பது யார்?

2025 நவம்பர் 26 அன்று ஹாங்காங்கின் தாய் போ பகுதியில், வாங் ஃபுக் கோர்ட் அடுக்குமாடிக் குடியிருப்பில் பற்றிய தீ 150க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. எட்டுக் கட்டடங்கள் கொண்ட அந்த வளாகத்தில் அபாய மணிகள் இருந்தன. எட்டிலுமே அவை முறையாக இயங்கவில்லை என்று அந்நகரின் தீயணைப்புத் துறையே பின்னர் அறிவித்தது. மணி ஒலிக்காததால், எத்தனையோ குடும்பங்கள் அண்டை வீட்டார் கதவைத் தட்டிய பிறகே தீயை அறிந்தன.

வசதியும் கண்டிப்பும் மிக்க நகரிலேயே இப்படி என்றால், நம் நிலை என்ன? 1997 ஜூன் 13 அன்று தில்லி உபகார் திரையரங்கில் பற்றிய தீயில் 59 பேர் இறந்தார்கள். பால்கனியில் இருந்தவர்களை எச்சரிக்க வேண்டிய ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. 2011 டிசம்பர் 9 அதிகாலை கொல்கத்தா ஆம்ரி மருத்துவமனையின் அடித்தளத்தில் மூண்ட தீயின் புகை மேல்தளங்களுக்கு ஏறி, 90க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. பலர் படுக்கையிலேயே மூச்சுத் திணறி இறந்தார்கள். 2024 டிசம்பர் 12 இரவு திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்து ஆறு பேர் மாண்டார்கள். லிஃப்டுக்குள் சிக்கியவர்களும் அதில் அடக்கம்.

ஒவ்வொரு விபத்துக்கும் காரணம் வேறு. ஆனால் எல்லாவற்றிலும் உயிர்களைத் தீர்மானித்தவை முதல் சில நிமிடங்கள். அந்த நிமிடங்களை மீட்டுத் தருவதற்காகவே தீ எச்சரிக்கை அமைப்பு இருக்கிறது. நாமோ அதை உரிமம் வாங்குவதற்கான சாமானாக்கிவிட்டோம். வாங்கி மாட்டினால் கடமை தீர்ந்தது என்கிறோம். அது சொல்வதைப் புரிந்துகொள்ள ஆள் வைப்பதில்லை.

மருத்துவமனை வரவேற்பறையிலோ செக்யூரிட்டி அறையிலோ சுவரில் ஒரு பெட்டி இருக்கும். அதுதான் பேனல். கூரையில் உள்ள டிடெக்டர்கள், சுவரில் உள்ள சிவப்பு எச்சரிக்கைப் பெட்டிகள், அலறும் ஹூட்டர்கள் எல்லாம் அதனோடு இணைந்தவை. பொதுவாக அதில் பச்சை விளக்கு எரிந்தால் மின்சாரம் இருக்கிறது என்று பொருள். சிவப்பு எரிந்தால் தீ. மஞ்சள் எரிந்தால் 'ஃபால்ட்' அல்லது 'டிசேபிள்'. சிவப்பைக் கண்டு எல்லோரும் பதறுகிறார்கள். நாம் அஞ்ச வேண்டியது மாதக்கணக்கில் எரியும் மஞ்சளுக்கு.

'ஃபால்ட்' என்றால் அமைப்பே பழுதுபட்டிருக்கிறது என்று அர்த்தம். வயர் அறுந்திருக்கலாம், டிடெக்டர் கழன்றிருக்கலாம், பேட்டரி செத்திருக்கலாம். பேட்டரி செத்த பேனல், தீயால் மின்சாரம் போகும் அந்தக் கணத்திலேயே ஊமையாகிவிடும். 'டிசேபிள்' அதைவிட மோசம். ஒரு ஜோனை, அதாவது கட்டடத்தின் ஒரு பகுதியை, யாரோ ஒருவரே கண்காணிப்பிலிருந்து நீக்கிவைத்திருக்கிறார். மறுபடி இயக்கும்வரை அங்கே எவ்வளவு புகை சூழ்ந்தாலும் மணி அடிக்காது. வெல்டிங் வேலைக்காகக் காலையில் நிறுத்தியதை மாலையில் இயக்க மறந்தால், அன்றிரவு அங்கே தூங்குபவர்களுக்குக் காவல் இல்லை.

'சைலன்ஸ்', 'ரீசெட்' என்ற இரு பொத்தான்களின் வேறுபாடும் உயிர் சம்பந்தப்பட்டது. முதலாவது சத்தத்தை மட்டும் அடக்கும், எந்த ஜோன் என்ற தகவல் திரையில் நிற்கும். இரண்டாவது திரையில் உள்ள அந்தத் தகவலையும் அழித்துப் பழைய நிலைக்குக் கொண்டுபோகும். நேரில் போய்ப் பார்க்காமல் 'ரீசெட்' செய்பவர், தீ எங்கே என்ற தடயத்தையே துடைத்துவிடுகிறார். இதை இரவுக் காவலரிடம் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. தவறு அவருடையதன்று. பன்னிரண்டு மணி நேர வேலைக்கு நிறுத்திவிட்டுப் பயிற்சி தராத நிர்வாகத்துடையது.

'அடிக்கடி சும்மா அடிக்கிறது, அதனால் நிறுத்திவைத்தோம்' என்பது வழக்கமான பதில். சும்மா அடிப்பதற்கும் காரணம் உண்டு. தூசி படிந்தாலும் பூச்சி புகுந்தாலும் நீராவி பட்டாலும் புகை டிடெக்டர் ஏமாறும். தூசியைச் சுத்தம் செய்யலாம், இடத்தை மாற்றலாம், சமையலறையில் வெப்ப டிடெக்டர் வைக்கலாம். இவற்றையெல்லாம் விட்டுவிட்டு மணியின் வாயை அடைப்பது குற்றம். கட்டட வேலையின்போது போட்ட பிளாஸ்டிக் மூடியைக் கழற்றாமல் விட்ட டிடெக்டரும் அப்படித்தான். அது கூரையில் வெறும் அலங்காரம்.

எப்படி அமைப்பது, எப்படிப் பராமரிப்பது என்று இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 2189 வரையறுத்திருக்கிறது. தேசியக் கட்டட விதிகள் 2016-இலும் தீப் பாதுகாப்புக்கென்று தனிப் பகுதி உண்டு. விதிக்குப் பஞ்சமில்லை, செயலுக்குத்தான் பஞ்சம். ஆகவே அரசிடம் மூன்றைக் கோருகிறோம்.

ஒன்று, மருத்துவமனை, விடுதி, வணிக வளாகம் அனைத்திலும் பேனலுக்குப் பக்கத்தில் ஒவ்வொரு விளக்குக்கும் பொத்தானுக்கும் என்ன செய்ய வேண்டும் என்று தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். இரவுப் பணியில் உள்ள காவலருக்கும் செவிலியருக்கும் பயிற்சி கட்டாயமாக வேண்டும்.

இரண்டு, ஒவ்வொரு பழுதும், ஒவ்வொரு நிறுத்தமும் பதிவேட்டில் ஏற வேண்டும். யார் நிறுத்தினார், ஏன், எப்போது மீண்டும் இயக்கினார் என்று கையெழுத்து வேண்டும். நிறுத்திய நேரம் முழுவதும் அந்த இடத்தை ஓர் ஆள் சுற்றிவந்து கண்காணிக்க வேண்டும்.

மூன்று, தீயணைப்புத் துறையின் ஆய்வு காகிதத்தைப் பார்ப்பதோடு முடியக் கூடாது. முன்னறிவிப்பின்றி வந்து, டிடெக்டரில் சோதனைப் புகை விட்டு, மின்சாரத்தை நிறுத்திப் பேட்டரி தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். மணி அடித்ததும் லிஃப்ட் பாதுகாப்பான தளத்தில் நின்று கதவு திறக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தவறினால் உரிமம் ரத்தாக வேண்டும். இதற்குத் தேவையான ஆட்களையும் வண்டிகளையும் துறைக்கு அரசு தர வேண்டும்.

மக்களுக்கும் ஒரு வேண்டுகோள். உறவினரை மருத்துவமனையில் சேர்க்கும்போது படுக்கை வாடகையை விசாரிக்கிறோம். கூடவே அந்தப் பேனலையும் பாருங்கள். மஞ்சள் எரிந்தால் ஏன் என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் எழுத்தில் புகார் கொடுங்கள். கேள்வி கேட்கப்படும் இடத்தில்தான் பழுது சீக்கிரம் சரியாகும்.