இரண்டு வருடத்தில் நான்கு அழைப்புகள்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், பள்ளி முடித்த பையன் இருக்கிற பல வீடுகள் ஒரு கடிதத்துக்காகக் காத்துக்கிடந்த காலம் உண்டு. பெரிய வெள்ளை உறை. பையன் அடுத்த இரண்டு வருடத்தை எந்த நாட்டில், எந்த மொழி பேசிக் கழிக்கப் போகிறான் என்பது அதற்குள் இருக்கும். வந்த உடனே பிரித்துவிட மாட்டார்கள். தாத்தா பாட்டி வர வேண்டும், அத்தை சித்தப்பா வர வேண்டும், ஆளுக்கொரு ஊரை ஊகித்துச் சொல்ல வேண்டும். அப்புறம் பையன் கூடத்தின் நடுவில் நின்று சத்தமாக வாசிப்பான். பிரேசிலாக இருக்கலாம், பிலிப்பைன்ஸாக இருக்கலாம், பக்கத்து மாநிலமான ஐடஹோவாகவும் இருக்கலாம். எது வந்தாலும் கைதட்டல்தான், ஏனென்றால் தேர்ந்தெடுக்கும் உரிமை அவனுக்குக் கிடையாது. 2018 கடைசியிலிருந்து இந்தக் கடிதம் இணையத்தில் வர ஆரம்பித்தது. உறை போய்விட்டது, கூட்டம் கூடுவது போகவில்லை.

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது முழுப்பெயர். ஊர் வாயில் மார்மன் சபை. 1830ல் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கியது, தலைமையகம் சால்ட் லேக் சிட்டி. வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டையோடு எப்போதும் இரண்டிரண்டு பேராகத் திரியும் இளைஞர்களைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். 2024 முடிவில் உலகம் முழுக்க இப்படி 70,000 பேருக்கும் மேல் இருந்தார்கள். ஆண்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம். கிளம்புவதற்கான குறைந்தபட்ச வயதை 2012ல் ஆண்களுக்கு 19லிருந்து 18ஆகவும், பெண்களுக்கு 21லிருந்து 19ஆகவும் குறைத்தார்கள். 2025 நவம்பரில் பெண்களுக்கும் 18 என்று அறிவித்தார்கள். பதினெட்டு என்பது பி.காம் முதல் வருடம் படிக்கிற வயது. துணி துவைக்கவே தெரியாத வயது என்றும் சொல்லலாம்.

அவர்கள் கொள்கை சரியா, அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டி மதம் பேசலாமா என்பதெல்லாம் பெரிய சண்டை. அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். இங்கே பேச்சு, பையனை அனுப்பிவிட்டு வீட்டில் இருக்கிறவர்களைப் பற்றி.

2019 பிப்ரவரி வரை இருந்த விதி இதுதான். வாரத்துக்கு ஒரு நாள், துணி துவைக்கவும் சாமான் வாங்கவும் கொடுக்கும் நாளில், வீட்டுக்குக் கடிதமோ மின்னஞ்சலோ எழுதலாம். தொலைபேசியில் பேசுவது வருடத்துக்கு இரண்டே முறை. கிறிஸ்துமஸ் அன்று ஒன்று, மே மாதம் அன்னையர் தினத்தன்று ஒன்று. இரண்டு வருடத்துக்குக் கணக்குப் போட்டால் நான்கு அழைப்புகள். தங்கைக்குக் கல்யாணம் என்றாலும் அதே கணக்குதான். வீட்டில் சாவு விழுந்தபோதுகூட ஊர் திரும்பாமல் வேலையில் தங்கிவிட்டவர்களைப் பற்றி அந்தச் சமூகத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

இந்தப் பெருமைக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1839 செப்டம்பர். சபையின் மூத்த தலைவர்களான பிரிகாம் யங்கும் ஹீபர் கிம்பலும் இங்கிலாந்துக்கு ஊழியத்துக்குப் புறப்படுகிறார்கள். மிசிசிப்பி ஆற்றங்கரைச் சதுப்பு நிலத்தில் வீடு வீடாகக் குளிர்காய்ச்சல். யங்கின் மனைவிக்குக் குழந்தை பிறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. கிம்பல் வீட்டிலும் மனைவி படுத்த படுக்கை. போகிற இரண்டு பேருக்குமே காய்ச்சல், வண்டியில் ஏற்றிவிட ஆள் வேண்டியிருந்தது. வண்டி கொஞ்ச தூரம் போனதும் கிம்பலுக்கு மனசு கேட்கவில்லை. வண்டியை நிறுத்தச் சொல்லி, இரண்டு பேரும் தட்டுத்தடுமாறி எழுந்து நின்று, தொப்பியைச் சுழற்றி வாழ்த்துக் கோஷம் போட்டார்கள். சத்தம் கேட்டுப் பெண்கள் படுக்கையை விட்டு எழுந்து வாசலுக்கு வந்தார்கள். அந்த ஆண்கள் திரும்பி வந்தது 1841ல்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் வண்டியில் நின்ற இரண்டு பேரைத்தான் பெரும்பாலும் வீரர்கள் ஆக்குகிறார்கள். காய்ச்சலோடு வாசல் வரைக்கும் வந்து, பிறகு உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தவர்களுக்கு அந்தப் பட்டம் லேசில் கிடைப்பதில்லை. அது ஒருபக்கம் இருக்கட்டும். 1839ல் அந்தக் குடும்பங்களைப் பிரித்தது கடல். கடிதம் கப்பலில் போய்ச் சேரவே வாரக்கணக்கில் ஆகும், யாரும் ஒன்றும் செய்ய முடியாது. 2009ல் கடல் ஒரு தடையே இல்லை. கைப்பேசியில் எட்டு எண்ணோ பத்து எண்ணோ அழுத்தினால் குரல் வந்துவிடும். அப்போதும் மௌனம் நீடித்தது என்றால் அதற்குக் காரணம் விதி. கடலால் வந்த பிரிவைப் பொறுத்துக்கொள்வது ஒன்று. விதி போட்டுப் பிரிவை உண்டாக்கிவிட்டு அதற்கும் தியாகம் என்று அதே பெயரை வைப்பது வேறு.

இனி காசுக்கு வருவோம். (வணிகவியல் மாணவர்கள் தூங்காமல் படிக்க வேண்டிய இடம் இது!) இந்த இளைஞர்களுக்குச் சம்பளம் கிடையாது. செலவு முழுக்க அவர்கள் சேமிப்பிலிருந்தோ குடும்பத்திலிருந்தோ வர வேண்டும். 1980, 1981 ஆண்டுகளில் இரண்டு மகன்களை ஊழியத்துக்கு அனுப்பிய ஒரு தம்பதி, சபை சொன்னபடியே மகன்களின் சொந்த வங்கிக் கணக்குகளுக்குப் பணம் அனுப்பினார்கள். பிறகு, இது சபைக்குக் கொடுத்த நன்கொடை, வருமான வரியில் கழிவு வேண்டும் என்று கேட்டார்கள். வரித்துறை முடியாது என்றது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 1990 மே மாதம் தீர்ப்பு வந்தது. பணம் சபையின் கைக்குப் போகவில்லை, சபைக்காக யாரும் சட்டப்படி பொறுப்பேற்று அதை வைத்திருக்கவும் இல்லை, எனவே கழிவு கிடையாது என்று ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். 1991 ஜனவரியிலிருந்து முறையே மாறியது. குடும்பங்கள் உள்ளூர்ச் சபை நிதியில் மாதம் 350 டாலர் கட்ட, அவரவர் இடத்துக்கு வேண்டிய செலவைச் சபை கொடுத்தது. ஜப்பானுக்குப் போனவன் வீட்டுக்கும் பொலிவியாவுக்குப் போனவன் வீட்டுக்கும் ஒரே தொகை. அதுவரை மகன் எந்த ஊருக்குப் போகிறான் என்பதைப் பொறுத்துக் குடும்பத்தின் கடன் கூடவோ குறையவோ செய்யும். இந்த மாற்றம் நியாயமானது, மறுக்க முடியாது. அந்தத் தொகை பிறகு 400 ஆகி, 2020 ஜூலையில் 500 ஆனது. 24 மாதத்துக்கு 12,000 டாலர்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பணம் அனுப்பினால், அவன் உங்கள் மகன், இது குடும்பச் செலவு என்றது சட்டம். போன் பேச வேண்டும் என்றால், அவன் இப்போது ஊழியத்தில் இருக்கிறான், டிசம்பர் வரைக்கும் பொறுங்கள் என்றது சபை. பற்று எழுதும்போது மட்டும் குடும்பத்தின் பெயர் முதலில் வந்தது.

விதிக்கு ஆதரவாகப் பேசியவர்கள் சொன்னதில் விஷயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அம்மா குரல் வாராவாரம் கேட்டால் பையன் போன ஊரில் ஒட்ட மாட்டான், மொழி பழக மாட்டான், கூட இருக்கிற ஜோடியோடு சண்டை வந்தால் உடனே வீட்டுக்குப் புலம்புவான் என்றார்கள். விடுதியில் முதல் செமஸ்டர் இருந்தவர்களுக்கு இது புரியும். வீட்டுக்குப் போன் செய்த ராத்திரிதான் அழுகை அதிகமாக வரும். கையால் எழுதிய நூறு கடிதங்கள் பெட்டியில் பத்திரமாக இருப்பதும் ஒரு சொத்துதான்.

ஆனால் கடிதத்துக்கு ஒரு குறை உண்டு, அதில் பொய் சொல்வது சுலபம். பொய் என்பது பெரிய வார்த்தை, மறைப்பது என்று வைத்துக்கொள்வோம். பத்து நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, தட்டிய கதவெல்லாம் முகத்தில் சாத்தப்படுகிறது. பத்தொன்பது வயதுப் பையன் இதையெல்லாம் எழுதுவானா? "எல்லாம் நலம், மக்கள் அருமையானவர்கள், இங்கே மழை" என்றுதான் எழுதுவான். வீட்டில் அதைப் படித்துப் பூரித்துப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமை சபையில் நாலு பேருக்குச் சொல்வார்கள். அந்தப் பூரிப்பு அவனுக்குத் தெரியத் தெரிய, அடுத்த கடிதம் இன்னும் பளபளப்பாகிவிடும். குரல் அப்படி இல்லை. "ம், சாப்பிட்டேன்" என்று சொல்லும் விதத்திலேயே அம்மாவுக்குத் தெரிந்துவிடும்.

இதன் விளைவு தெரிவது, இரண்டு வருடம் முடியும் முன்பே திரும்பி வருகிறவர்களிடம். உடம்பு சரியில்லாமல் வருகிறவர்கள் உண்டு, மனசு உடைந்து வருகிறவர்கள் உண்டு. விமான நிலையத்தில் பலூனும் பதாகையுமாக வரவேற்கிற அதே சமூகத்தில், எட்டாவது மாதத்தில் வந்தவனை எப்படி விசாரிப்பது என்று பலருக்குத் தெரியாது. வீட்டிலும் அதிர்ச்சிதான். போன வாரக் கடிதம் வரைக்கும் எல்லாம் நலமாகத்தானே இருந்தது! 2020 மார்ச்சில் கொரோனா வந்து ஆயிரக்கணக்கானவர்களை ஒரே நேரத்தில் ஊருக்குத் திருப்பி அனுப்பியபோது, 'பாதியில் வந்தவன்' என்ற சொல்லின் கூர்மை கொஞ்சம் மழுங்கியிருக்க வேண்டும். ஒரு கொள்ளைநோய் வந்துதானா அது நடக்க வேண்டும் என்பது வேறு கேள்வி.

2019 பிப்ரவரி 15 அன்று சபை விதியை மாற்றியது. வாராவாரம் அதே ஓய்வு நாளில் பேசலாம், முகம் பார்த்தும் பேசலாம். குடும்பத்தின் ஆதரவு ஊழியத்துக்கும் நல்லது என்ற தொனியில் காரணம் சொன்னார்கள். அப்படியானால் 2018ல் அது நல்லதில்லையா என்று, நான்கு அழைப்புகளோடு இரண்டு வருடம் ஓட்டிய அம்மாக்கள் கேட்டால் அதில் தப்பில்லை. மாற்றம் சரிதான். பத்து வருடம் முன்பே வந்திருக்க வேண்டும். முக்கியமாக, தானாகச் சபையில் சேர்ந்து, பெற்றோருக்குப் பிடிக்காமலே கிளம்பிப் போன பிள்ளைகளின் வீடுகளுக்கு. அந்த வீட்டில் அம்மா அப்பாவுக்குக் கூட்டமும் கைதட்டலும் இல்லை, நம்பிக்கையும் இல்லை. பிள்ளையின் குரல் ஒன்றுதான் மிச்சம், அதையும் வருடத்துக்கு இரண்டு முறை என்று அளந்து கொடுத்தார்கள்.

புதிய விதியிலும் ஒரு நிபந்தனை உண்டு. அழைப்பு அவன் பக்கத்திலிருந்துதான் வர வேண்டும், வீட்டிலிருந்து கூப்பிடக் கூடாது. பிலிப்பைன்ஸில் திங்கள் காலை 10 மணி என்றால் யூட்டாவில் ஞாயிறு மாலை, குடும்பமே சோபாவில் உட்கார்ந்து பேசலாம். ஜெர்மனிக்குப் போனவன் திங்கள் காலை 10 மணிக்குக் கூப்பிட்டால் யூட்டாவில் ராத்திரி 2. அலாரம் வைக்கிற அம்மா வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.