டாமிக்கு எத்தனை கை சோறு போடுது?

 

கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். அவசரக்காரர்கள் ராத்திரி வாசித்தால் போதும்.

"டீச்சர், நாய்க்குட்டி தட்டை முகர்ந்து பார்த்துட்டுத் திரும்பிப் போகுது. சிக்கன் வச்சாலும் தின்ன மாட்டேங்குது. என்ன செய்ய?" இந்த இரண்டு மாதத்தில் நாலைந்து பேர் இதே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். நான் கால்நடை டாக்டர் இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கு 34 வருஷம் பாடம் எடுத்தவள், வீட்டில் எப்போதும் ஒரு நாயாவது வளர்த்தவள், அவ்வளவுதான். ஆனால் இந்த விஷயத்தில் எனக்கு அழுத்தமான ஒரு அபிப்பிராயம் உண்டு. நோய் ஒன்றும் இல்லாமல் ஓடியாடித் திரிகிற குட்டி தட்டில் வைத்ததைத் தின்னவில்லை என்றால், அப்படி இருக்க அதற்குச் சொல்லிக் கொடுத்தது வீட்டு ஆட்கள்தான். கடையில் புது பாக்கெட் தேடுவதற்கு முன்னால் நம் கைகளை எண்ணிப் பாருங்கள்.

என் அண்ணன் வீட்டு டாமி கதையைச் சொல்கிறேன். மைனி "தாராளமா எழுது பிள்ளே" என்று சொல்லிவிட்டார்கள்.

டாமிக்கு 7 மாதம். பொமரேனியனும் நாட்டு நாயும் கலந்தது. எடை 7 கிலோ. பார்க்க அழகு, குரைப்பில் ராஜா. மூன்று வேளையும் தட்டு வைப்பார்கள், மூன்று வேளையும் தொடாது. ராத்திரி 9 மணிக்கு மைனி தரையில் உட்கார்ந்து, மீனை முள் எடுத்து, சோற்றோடு பிசைந்து, "என் தங்கம்ல, ஒரு வாய்" என்று ஊட்டினால்தான் இறங்கும். அதுவும் மைனி கை மட்டும்தான். மைனிக்கு இரண்டு முட்டும் தேய்ந்துபோய், மாற்று ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷம் ஆகப் போகிறது. இரண்டு தடவை தேதி வாங்கி இரண்டு தடவையும் தள்ளிப் போட்டார்கள். கேட்டால், "நான் போய் ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டா இதுக்கு யார் சோறு குடுப்பா?" அண்ணன் ஒரு நாள் கோபத்தில், "இதை எங்கயாவது மார்க்கெட் பக்கம் கொண்டு விட்டுருவேன்" என்று சொன்னான். சொன்னது விளையாட்டுக்கு இல்லை என்று அவன் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நம்ம ஊர் ரோட்டில் மெலிந்து, சொறி பிடித்துத் திரிகிற வெள்ளை முடி நாய்களைப் பார்த்திருப்பீர்கள். அதெல்லாம் ஒரு காலத்தில் யாரோ காசு கொடுத்து வாங்கிக் கொஞ்சின நாய்கள்தான்.

நான் ஒரு பழைய நோட்டை எடுத்துக் கொடுத்து, ஒரே ஒரு நாள், டாமி வாயில் போகிற ஒவ்வொன்றையும் எழுதச் சொன்னேன். எழுதியவன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிற பேரன். காலை 6 மணிக்கு அண்ணன் சாயாவில் முக்கிய இரண்டு ரஸ்க். ஏழரைக்குப் பேரன் தன் புட்டில் பாதி (நேர்மையாக எழுதியிருந்தான், அதற்கு முழு மார்க்). 8 மணிக்குத் தட்டு, தொடவில்லை. மீன்கார அக்கா வந்தபோது இரண்டு சாளைத் தலை. பதினொன்றுக்குப் பக்கத்து வீட்டம்மா மதில் வழியாக நாலு பிஸ்கட். ஒரு மணிக்குத் தட்டு, தொடவில்லை. ஐயோ பாவம் என்று ஒன்றேகாலுக்கு மைனி முட்டை பொரித்துக் கொடுத்திருக்கிறார்கள். நாலு மணிக்கு அண்ணன் நேந்திரங்காய் சிப்ஸ். டியூஷன் போய்விட்டு வந்த பேத்தி கொஞ்சம் மிக்சர். 8 மணிக்குத் தட்டு, தொடவில்லை. ஒன்பதுக்கு மைனி ஊட்டினது. பத்து மணிக்கு அண்ணன் மகன் கடையிலிருந்து வாங்கி வந்த பரோட்டாவில் ஒரு துண்டு.

கூட்டிப் பாருங்கள். தட்டு வைத்தது 3 தடவை. தட்டுக்கு வெளியே தின்றது 9 தடவை. கொடுத்தவர்கள் 7 பேர். இந்த நாயைத்தான் "பட்டினி கிடக்குது" என்று அந்த வீட்டில் ஏழு பேரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்!

ஆசிரியர் பயிற்சியில் கல்வி உளவியல் என்று ஒரு பாடம் உண்டு. பாவ்லோவ், தார்ண்டைக், ஸ்கின்னர் மூன்று பேரையும் உருப்போட்டுப் பரீட்சை எழுதினோம். பாவ்லோவ் என்றால் எல்லாருக்கும் மணியும் நாய் எச்சிலும்தான் ஞாபகம் வரும். ஆனால் 1904இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது ஜீரணம் பற்றிய ஆராய்ச்சிக்கு. சாப்பாட்டைக் கண்ணால் பார்த்த மாத்திரத்திலேயே, வாயில் எதுவும் போகும் முன்பே, நாயின் வயிற்றில் ஜீரண நீர் சுரக்கத் தொடங்குகிறது என்று காட்டியவர் அவர். தினமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் தட்டு வந்தால் அந்த நேரத்துக்கு நாயின் வயிறு தயாராகிவிடும். நாள் முழுக்க ஒன்பது தடவை கொறித்தால் எந்த நேரத்துக்கென்று தயாராவது?

தார்ண்டைக் பூனைகளைக் கூண்டில் அடைத்துப் பார்த்தவர். எந்தச் செய்கைக்குப் பிறகு சுகமான பலன் கிடைக்கிறதோ, அந்தச் செய்கை திரும்பத் திரும்ப வரும் என்றார். டாமி தட்டைவிட்டு முகத்தைத் திருப்பியது. கால் மணி நேரத்தில் முட்டைப் பொரியல் வந்தது. இனி அது ஏன் சோற்றைத் தின்ன வேண்டும்? ஸ்கின்னர் சொன்னது இன்னும் முக்கியம். எப்போதாவது ஒரு தடவை மட்டும் பலன் கிடைக்கிற பழக்கம்தான் லேசில் விடாது. ஆறு நாள் கண்டிப்பாக இருந்துவிட்டு ஏழாம் நாள் மனம் இளகி ஒரு துண்டு மீன் போட்டால், "இன்னும் கொஞ்சம் அடம் பிடித்தால் கிடைக்கும்" என்று நாய்க்கு நாமே பாடம் எடுக்கிறோம்.

இதைச் சொன்னதும் மைனி, "பச்சைப் பிள்ளையைப் பட்டினி போடச் சொல்லுதியே, நீ டீச்சரா போலீஸா?" என்று கேட்டார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தது சத்துணவுத் திட்டம் வந்த புதிதில். பசி எப்படி இருக்கும் என்று பிள்ளைகளின் முகத்தில் பார்த்தவள். பசியை யாருக்கும் தண்டனையாகக் கொடுக்கச் சொல்ல மாட்டேன், நாய்க்கும்தான். வேளைக்கு வயிறு நிறையச் சாப்பாடு தட்டில் வருகிறது. பேரம் மட்டும்தான் கிடையாது. அதற்குப் பெயர் பட்டினி இல்லை.

ஆனால் ஒன்று. அடம் வேறு, நோய் வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் யாரும் கண்டிப்பைத் தொடங்கக் கூடாது. இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை வாசியுங்கள்.

நேற்றுவரை தின்ற குட்டி இன்று திடீரென்று நிறுத்தி, சுருண்டு படுத்துக்கொண்டு, வாந்தி எடுத்தால், அல்லது ரத்தம் கலந்து கழிந்தால், அது பார்வோ வைரஸாக இருக்கலாம். தடுப்பூசி போடாத குட்டியை இரண்டு மூன்று நாளில் கொண்டு போய்விடும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் "பால் குடிக்காம அடம் பிடிக்குது" என்று ஒன்றரை நாள் காத்திருந்தார்கள், குட்டி பிழைக்கவில்லை. 6 முதல் 8 வாரத்தில் முதல் ஊசி, பிறகு 3 அல்லது 4 வாரத்துக்கு ஒன்று என 16 வாரம் வரை போக வேண்டும். வெறிநாய்க்கடி ஊசி 3 மாதத்தில். அடுத்தது உண்ணி. இரண்டு மழைக்காலமும் ஈரமும் உள்ள ஊர் நம்முடையது. காது மடல், கால் விரல் இடுக்கு எல்லாம் தடவிப் பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் வந்த நாய்க்குச் சோறு பிடிக்காது, ஈறு வெளுத்துக் கிடக்கும். குடலில் புழு இருந்தாலும் அப்படித்தான். 4 மாதம் முதல் 6, 7 மாதம் வரை பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கிற காலம்; ஈறு வலிக்கும்போது கடினமானதைக் கடிக்காது, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் கொடுங்கள்.

3 மாதத்துக்குக் குறைந்த குட்டியிடமும் ரொம்பச் சின்ன சாதி நாயிடமும் இந்தக் கண்டிப்பைக் காட்டவே கூடாது. அதுகளுக்கு ஒரு நாளைக்கு நாலு வேளை வேண்டும். வயிறு வெறுமையாக இருந்தால் சர்க்கரை இறங்கி மயங்கிவிடும். எந்த இளம் நாயானாலும் ஒரு நாள் முழுக்க எதையும் தொடவில்லை என்றால் பக்கத்திலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். என்னிடம் போனில் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள்.

டாமியையும் முதலில் டாக்டரிடம் காட்டினோம். புழு மாத்திரை கொடுத்தார், வேறு ஒன்றும் இல்லை என்றார். பிறகுதான் தொடங்கினோம். 6 மாதம் தாண்டிய நாய்க்கு இரண்டு வேளை போதும். காலை 7 மணி, மாலை 7 மணி. உச்சி வெயிலில் மனுஷனுக்கே சாப்பாடு இறங்காது. தட்டு வைப்பது பேரன் மட்டும். வைத்துவிட்டுப் போய்விட வேண்டும். பக்கத்தில் நின்று கொஞ்சுவது, கெஞ்சுவது, அதட்டுவது எதுவும் கூடாது. 20 நிமிஷம் கழித்து, தின்றிருந்தாலும் இல்லாவிட்டாலும் தட்டை எடுத்துவிட வேண்டும். அடுத்த வேளை வரை தண்ணீர் மட்டும்.

முதல் நாள் காலை முகர்ந்துவிட்டுப் போனது. மாலை கால் தட்டு தின்றது. இரண்டாம் நாள் மறுபடியும் காலையில் தொடவில்லை. என்னடா என்று பார்த்தால் வராந்தாவில் ரஸ்க் தூள் கிடக்கிறது. பேரன் நோட்டில் சிவப்பு மையில் எழுதினான்: "தாத்தா – 1 ரஸ்க்." அண்ணன் அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் மாலை தட்டு காலி. நாலாம் நாள் பாதி. இரண்டாவது வாரத்தில் ஏழு மணிக்குத் தட்டுச் சத்தம் கேட்டதும் அதுவே வந்து நிற்கிறது. இப்போதும் சில நாள் மிச்சம் வைக்கும். வைக்கட்டும். குட்டி வளர்ச்சி வேகம் குறையும்போது பசியும் குறையும், அது இயற்கை. விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தித் தெரியக் கூடாது. அந்த அளவில் இருந்தால் கவலை இல்லை.

என்ன கொடுப்பது என்பதில் நம்ம ஊரில் இரண்டு கட்சி இருக்கிறது. பாக்கெட் கட்சி, கஞ்சி கட்சி. நான் எந்தக் கட்சியும் இல்லை. "நாய்க்குச் சோறே ஆகாது" என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். 2013இல் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள், மாவுச்சத்தை ஜீரணிக்கும் மரபணு ஓநாயைவிட நாய்க்கு அதிகம் என்று கண்டுபிடித்தார்கள். மனுஷனோடு கூடவே இருந்து நம் சோற்றுக்குப் பழகிய பிராணி அது. ஆனால் வளரும் குட்டிக்கு வெறும் சோறு போதாது. முட்டை, மீன், கோழி என்று ஏதாவது தினமும் வேண்டும். சுண்ணாம்புச் சத்துக்கு டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். குளச்சலிலிருந்தும் தேங்காப்பட்டணத்திலிருந்தும் சாளை வரும்போது வேகவைத்து முள் எடுத்துப் பிசைந்து கொடுங்கள், அருமையான சாப்பாடு. ஆனால் மீன் மணம் இல்லாமல் தின்னாது என்று பழக்கிவிட்டால், ஜூன், ஜூலை விசைப்படகுத் தடைக்காலத்தில் மீன் விலை ஏறும்போது என்ன செய்வீர்கள்? வாரத்தில் சில நாள் முட்டை, சில நாள் கோழி என்று மாற்றிவையுங்கள். நன்றாக வெந்த மரச்சீனி கொஞ்சம் கொடுக்கலாம். பச்சையாகவோ தோலோடோ கூடவே கூடாது, ஆடு வளர்க்கிறவர்களுக்கு இது தெரியும்.

குழம்பு ஊற்றாதீர்கள். உள்ளி, பூண்டு இரண்டும் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும். பாயசத்து முந்திரிப்பழம், அதாவது உலர்ந்த திராட்சை, சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெளிநாட்டுப் பெட்டியில் வருகிற சாக்லேட் விஷம். வேகவைத்த கோழி எலும்பு ஊசியாக உடைந்து குடலைக் கிழிக்கும். பாக்கெட் தீனி போடுகிறவர்கள், அதில் எழுதியிருக்கிற அளவு பெரும்பாலும் ஒரு நாளைக்கு உரியது என்பதைப் பாருங்கள். அதை ஒரு வேளைக்கு வைத்துவிட்டு மிச்சம் வைக்குது என்று புலம்பாதீர்கள். கொறிக்கக் கொடுப்பது நாள் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது; அதுவும் தட்டு காலியான பிறகு.

மைனி ஆபரேஷனுக்கு அடுத்த மாதம் தேதி வாங்கியிருக்கிறார்கள், திருவனந்தபுரத்தில். டாமி அவர்கள் கையால் ஊட்டாமல் தின்னப் பழகி மூன்று வாரம் ஆகிறது. தட்டு காலியான பிறகு மைனி அதைத் திண்ணையில் பக்கத்தில் உட்கார்த்தித் தடவிக் கொடுக்கிறார்கள். அதை யாரும் தடுக்கவில்லை, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் செய்யட்டும். முதல் வாரத்தில் மட்டும், "என்னைத் தேட மாட்டேங்குதே" என்று கண் கலங்கினார்கள். உண்மையில் தேடுகிறது, சோற்றுக்காக இல்லாமல்.

கடைசியாக, மஸ்கட்டில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவனுக்கு. பெயர் சொல்லவில்லை, உனக்கே தெரியும். உன் நாய் இங்கே உன் அம்மாவிடம் இருக்கிறது. அங்கே பதினொன்றரைக்கு உனக்கு இடைவேளை, இங்கே மணி ஒன்று; நீ வீடியோ காலில் "டேய் ராக்கி" என்று கூப்பிடுகிற நேரமும் அம்மா அதற்குத் தட்டு வைக்கிற நேரமும் ஒன்றாக இருக்கிறது. அது தட்டை விட்டுவிட்டு போனை நக்க ஓடிவருகிறது. நாளையிலிருந்து அரைமணி நேரம் கழித்துக் கூப்பிடு, மக்கா.